செம்பட்டிக் கடையும் டேலி அப்டேட்டும்: சிறுவணிகத்தில் மென்பொருள் திருத்த விநியோகம்

மென்பொருள் திருத்தங்கள் வணிக வாடிக்கையாளரைச் சென்றடையும் முறையைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் பெருநிறுவனங்களை மனத்தில் வைத்தவை. மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபர் முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று வெளியிடும் திருத்தங்களைச் சோதித்து ஏற்ற அங்கே தனித் துறையே உண்டு. மதுரை–பழனிச் சாலையும் திண்டுக்கல்–குமுளிச் சாலையும் சந்திக்கும் செம்பட்டியில் ஓர் உரக்கடைக்கோ இரும்புக்கடைக்கோ யார் இருக்கிறார்கள்? கணக்கு எழுதுபவர், ஆடிட்டர், போன் செய்தால் எனிடெஸ்க் என்ற தொலை இணைப்புச் செயலி வழியே கணினிக்குள் வரும், டேலி என்ற கணக்கு மென்பொருளின் டீலர். இங்கே அப்டேட் எப்போது ஏறும் என்பதைப் பாதுகாப்பு பற்றிய அச்சத்தைவிட வரிச்சட்டத்தின் நாட்காட்டியே தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1986-ல் தொடங்கிய பெங்களூரு நிறுவனமான டேலியின் லைசென்ஸ் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும். புதிய ரிலீஸ் வேண்டுமென்றால் டிஎஸ்எஸ் எனப்படும் டேலியின் சேவைச் சந்தா நடப்பில் இருக்க வேண்டும். சந்தா முடிந்தாலும் பழைய ரிலீஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓடுகிற ஒன்றுக்கு மறுபடி பணம் கட்ட எந்தக் கடைக்காரருக்கும் மனம் வராது; அது கஞ்சத்தனமும் அல்ல; ஏற்றுவதிலும் ஆபத்து உண்டு. 2023-ல் வந்த டேலிபிரைம் 3.0-க்குக் கணக்குகளை மாற்றிவிட்டால் அவை முந்தைய ரிலீஸில் திறக்கா. டீலர் எழுதிக்கொடுத்த பில் வடிவம் புதியதில் கெட்டுப்போனால் அன்றைய வியாபாரம் நின்றுவிடும். திரும்பும் வழி இல்லாத திருத்தத்தைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனமே.

இந்தத் தயக்கத்தை உடைப்பது சட்டம். 2017 நல்ல சான்று. விண்டோஸ் ஓட்டை ஒன்றுக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்று விலையின்றித் திருத்தம் வெளியிட்டது. அதை ஏற்றாத கணினிகளை மே 12 அன்று வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் முடக்கியது. ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. அதற்கான டேலி ரிலீஸுக்குச் சந்தா தேவை. இருந்தும் பில் போட வேண்டியவர்கள் கட்டினார்கள். இலவசத் திருத்தம் ஏறாமல் கிடக்க, கட்டணம் கேட்ட திருத்தம் ஏறியது. விலை இங்கே முதன்மைக் காரணம் அல்ல என்பதற்கு வேறென்ன வேண்டும்?

எல்லாச் சட்ட மாற்றமும் அப்டேட்டைக் கேட்பதில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று 12, 28 சதவீத ஜிஎஸ்டி அடுக்குகள் பெரும்பாலும் நீங்கியபோது, பொருள்வாரியாக விகிதத்தைக் கணக்கரே மாற்றிக்கொள்ள முடிந்தது. விகிதம் கடைக்காரர் கையில் உள்ள தரவு. நிறுவனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான தணிக்கைத் தடம் அப்படியல்ல. யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற பதிவை அணைக்க முடியாதபடி வைக்க மென்பொருளின் நிரலே மாற வேண்டும். டேலி அதற்கென்றே ‘எடிட் லாக்’ என்று தனிப் பதிப்பை வெளியிட்டது. விதி முதலில் 2021-க்கு அறிவிக்கப்பட்டு இருமுறை தள்ளிப்போனது. ஆக, வணிகருக்குத் தந்த அவகாசம் மென்பொருள் நிறுவனத்துக்கும் அவகாசமாயிற்று.

சட்டத்தின் பெயரால் வரும் அப்டேட்டை யாரும் சந்தேகிப்பதில்லை என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதே 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் நாட்பெட்யா என்ற தீநிரல் பரவியது, வரிக்கணக்குத் தாக்கலுக்குப் பரவலாகப் பயன்பட்ட மெடாக் மென்பொருளின் அப்டேட் சர்வர் வழியாகத்தான். அங்கிருந்து மேர்ஸ்க் கப்பல் நிறுவனம்வரை போய் முடக்கியது. எனவே ‘அப்டேட் செய்யுங்கள்’ என்று சிறுவணிகருக்குப் பொதுவாக அறிவுரை சொல்வது போதாது.

பாதுகாப்புத் திருத்தத்தைப் புதிய வசதிகளிலிருந்து பிரித்து, பழைய ரிலீஸுக்கும், சந்தா முடிந்தவருக்கும் தர வேண்டிய கடமை விற்பவருடையது. இப்போதைய போக்கு எதிர்த்திசையில் போகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தம் தொடர வேண்டுமானால் நிறுவன வாடிக்கையாளர் ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர் கட்ட வேண்டும், அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும்.