பழுத்துப்போன வாஷிங்டன் தபால்

பழந்தாள் செப்பனிடும் எங்கள் தொழிலில் பூஞ்சைக்குக் கைவைத்தியம் தைமால் பெட்டி. மரப்பெட்டியின் அடியில் 40 வாட் பல்பு, அதன்மேல் ஒரு கிண்ணம் தைமால், அதற்கும் மேலே கம்பித்தட்டில் விரித்துவைத்த புத்தகங்கள். சூட்டில் கிளம்பும் ஆவி பூஞ்சையை அடக்கும். ஆனால் வெள்ளத்தில் நனைந்த ஆவணம் லாரி நிறைய வந்தால் பெட்டி தாங்காது. மொத்தமாகப் போட எத்திலீன் ஆக்சைடு வாயு அறை இருந்தது. அந்த வாயு புற்றுநோய் தரும் என்று தெரிந்ததும் பலரும் அதை விட்டார்கள்.

மொத்தமாகச் செய்ய இன்னொரு வழி காமாக் கதிர். அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தாளல்ல, ஒரு மம்மி. பூஞ்சை பிடித்த எகிப்து மன்னன் இரண்டாம் ராம்சேஸை 1976இல் பாரிஸுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே கோபால்ட்-60 கதிரைப் பாய்ச்சிப் பூஞ்சையைக் கொன்றார்கள். ஆவணக் காப்பகங்களுக்கு இது ஆசை காட்டியது. கட்டைப் பிரிக்க வேண்டாம். பெட்டியோடு உள்ளே போய்ப் பெட்டியோடு வெளியே வரலாம். தாளில் கதிரியக்கமும் தங்காது.

ஆனால் பூஞ்சையை அறுக்கும் கதிர் தாளின் செல்லுலோஸ் இழையையும் அறுக்கும். இராமபாணம் போன்ற பூச்சிக்கு ஒரு கிலோகிரே (பொருள் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு) அளவே போதும். பூஞ்சைக்கு ஐந்திலிருந்து பத்து. பத்தைத் தாண்டினால் என் கையிலிருக்கும் கட்டை நான் கொடுக்க மாட்டேன்.

தாண்டினால் என்ன ஆகும் என்பதை வாஷிங்டன் காட்டியது. 2001 அக்டோபர் 15 அன்று செனட்டர் டாம் டேஷிலின் அலுவலகத்தில் பிரித்த கடிதத்தில் ஆந்த்ராக்ஸ் தூள் இருந்தது. மாடுகளுக்கு அடைப்பான் வரவைக்கும் அதே கிருமி. அந்த ஆண்டு இப்படிப்பட்ட கடிதங்களால் ஐந்து பேர் இறந்தார்கள், அதில் இருவர் பிரென்ட்வுட் தபால் நிலையத் தொழிலாளர்கள். இதனால் வாஷிங்டனில் தேங்கிய தபால் ஓஹையோவின் லைமா நகருக்கு எலெக்ட்ரான் கற்றை பாய்ச்சப் போனது. ஆந்த்ராக்ஸின் வித்து லேசில் சாகாது என்பதால் கொடுத்த அளவு 50 கிலோகிரேக்கும் மேல்.

திரும்பி வந்த கடிதங்கள் பழுத்து, அப்பளமாய் நொறுங்கின. ஜன்னல் உறைகளின் பிளாஸ்டிக் உருகிப் பக்கத்துத் தாளோடு ஒட்டியது. கழுவாத பிலிம் பாழானது. பிரித்த ஊழியர்கள் தலைவலி, கண்ணெரிச்சல் என்றார்கள். ஆராய்ச்சிக்கென்று தபாலில் வந்த உயிரின மாதிரிகளுக்கும் சேதம்தான். நான் குறை சொல்லமாட்டேன்: அங்கே காப்பாற்ற வேண்டியிருந்தது மனிதரை, காகிதத்தை அல்ல. ஆனால் அக்கடிதங்களைக் கோப்பில் வைத்திருக்கும் காப்பாளர், தாத்தா காலத்துக் கடிதத்தைவிட அவற்றைப் பதமாகத் தொடவேண்டும்.

சரியான அளவில் கொடுத்தாலும் கதிர் காவலுக்கு நிற்காது. ஈரமான அறைக்குத் திரும்பினால் பூஞ்சையும் திரும்பும். மறுபடி கொடுக்கும் கதிர் பழைய கணக்கோடு கூடும். அதனால் கதிர் பட்ட கட்டின் அட்டையில் தேதியையும் அளவையும் பென்சிலால் எழுதச் சொல்வேன். செத்த பூஞ்சை தாளிலேயேதான் கிடக்கும். முகமூடி போட்டுக்கொண்டு, மென்தூரிகையால், பக்கம் பக்கமாக அதைத் துடைத்தெடுக்கும் வேலைக்கு இன்னும் ஆள் வேண்டும்.