எலும்பு கட்டும் கைகளும் மருத்துவமனை வாசலும்

பட்டினப்பாக்கம் கடலோரத்தில் படகு தள்ளுகையில் ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தால், பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 'புத்தூர்க் கட்டு' என்னும் பெயர்ப்பலகையே. திருப்பதியை அடுத்த ஆந்திரத்துப் புத்தூரின் பெயரைத் தாங்கி நிற்கும் இக்கூடங்களில், பச்சிலை அரைத்துப் பூசி, முட்டை வெண்கரு தோய்த்த துணியைச் சுற்றி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவர். செலவும் குறைவு, காத்திருப்பும் குறைவு. தலைமுறைகளாய் மக்கள் நம்பிய இக்கைகளுக்கு மருத்துவமனையில் இடமில்லாமற் போனது ஏன் என நாம் வினவுதல் தகும்.

இருவகை மருத்துவத்தையும் ஒரே கூரையின்கீழ்க் கொணரும் முயற்சி இந்நகரில் நடந்தே இருக்கிறது. 1921-இல் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1923-இல் அதன் அறிக்கை வந்தது. அதன் பயனாக 1925-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது, கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் தலைவரானார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி பயின்றோர் அங்கே மேலை நாட்டு உடற்கூறும் அறுவை மருத்துவமும் பயின்றனர். துணிவான கனவுதான்! ஆயினும் 1960-இல் அவ்விடம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக மாறி ஆங்கில மருத்துவத்திற்கே உரியதாயிற்று. சித்தத்திற்கு 1964-இல் பாளையங்கோட்டையில் தனிக் கல்லூரியும், 1970-இல் அரும்பாக்கத்தில் தனி மருத்துவமனையும் எழுந்தன. கூரை இரண்டாயிற்று.

இதில் நம் உள்ளத்தை உறுத்துவது வேறொன்று. சித்தர் வகுத்த முப்பத்திரண்டு புற மருத்துவங்களுள் 'கொம்பு கட்டல்' ஒன்று. ஏட்டிலிருந்த அக்கலைக்குப் பாடத்தில் இடம் கிடைத்தது. தந்தையிடம் கண்டு கற்றுத் தெருவில் கட்டுபவனோ அன்றும் இன்றும் வெளியில்தான் நிற்கிறான். அவனுடைய பிழைகள் மட்டுமே மருத்துவமனைக்குள் வருகின்றன. கட்டு இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சில மணி நேரத்தில் தசை சாகும். சிறுவர்கள் கையையே இழப்பதுண்டு.

அமெரிக்காவில் முதுகெலும்பைக் கையால் நெறிப்படுத்தும் கைரோபிராக்டர்களையும் மருத்துவச் சங்கம் நெடுங்காலம் ஒதுக்கியே வைத்தது. 1987-இல் நீதிமன்றம் அப்புறக்கணிப்பைச் சட்டவிரோதம் என்றது. 2004 முதல் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் அவர்கள் பணியாற்றுகின்றனர். அவர்கள் கல்லூரியில் பயின்று உரிமம் பெற்றவர்கள் என்பதையும் மறவோமாக. நம் நிலைக்கு நெருங்கியது எத்தியோப்பியாவின் அனுபவம். அங்கே எலும்பு கட்டுவோருக்கு ஒரே நாள் பயிற்சி தரப்பட்டது. அதன்பின் அழுகிய கைகால்களைத் துண்டிக்கும் நிகழ்வுகள் குறைந்தன என 2005-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

கற்பிக்க வேண்டியது மலையளவன்று. எக்ஸ்ரே பார்க்காமல் கட்டலாகாது. தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் தொடலாகாது. கட்டியபின் விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, வலி மிகுந்தாலோ உடனே அவிழ்த்து அனுப்ப வேண்டும். இராயப்பேட்டை அரசு மருத்துவமனை பட்டினப்பாக்கத்திற்கு அப்படியொன்றும் தொலைவில் இல்லை.