திருச்செங்கோட்டுத் தேரும் இந்தியானாக் கல்லூரிக் கோஷ்டியும்

தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசு செலுத்திய இரண்டாம் சரபோஜி மகாராஜா, மேனாட்டு வாத்தியங்களைத் தருவித்து அரண்மனையில் ஒரு பாண்டு கோஷ்டியைப் போஷித்து வந்ததையும், மகாதேவ நட்டுவனார் கிளாரினெட்டைச் சதிர்க் கச்சேரிக்குள் கொணர்ந்தார் என்று சங்கீத சரித்திரக்காரர்கள் கூறுவதையும் இங்கே முதலில் நினைவுகூரலாம். அரண்மனை வாயிலைக் கடந்து தெருவுக்கு வந்த அந்த வாத்தியம், சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று பரந்து கிடக்கும் சமவெளியில், மாப்பிள்ளை அழைப்புக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் ஊர் ஊராகச் சென்று வாசிக்கும் 'பேண்டு செட்'டுகளின் தலைமை வாத்தியமாக நிலைத்தது. இவற்றின் பிரயாண வாழ்க்கையை எழுத முற்படும்போது, கடல் கடந்த ஒரு கல்லூரிக் கோஷ்டியின் நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை.

அந்தக் கோஷ்டிக்கு ஒரு முன்கதை உண்டு. அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் ராணுவ பாண்டின் வாத்தியங்களே தெருவுக்கு இறங்கின. மயானத்துக்குப் போகையில் சோக கீதமும், திரும்பி வருகையில் துள்ளல் நடையும் வாசித்த அந்நகரத்துக் கறுப்பின மக்களிடமிருந்து ஜாஸ் பிறந்தது. டிரம்பெட் மெட்டைப் பிடித்துச் செல்ல, கிளாரினெட் அதன் மேலே கொடிபோல் சுற்றிப் படர, டிரோம்போன் கீழே இழைந்து தாங்க, மூவரும் ஒரே சமயத்தில் மனோதர்மமாக வாசிக்கும் முறைக்கு டிக்ஸிலேண்ட் என்று பெயர் வழங்கலாயிற்று. ஆயினும் இதை முதன்முதலாக இசைத்தட்டில் ஏற்றும் வாய்ப்பு, 1917 பிப்ரவரியில், ஐந்து வெள்ளையர் அடங்கிய 'ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பாண்டு' என்ற கோஷ்டிக்கே கிடைத்தது. பெற்றவர்கள் இருக்க மற்றவர் பேர் சூட்டிக்கொண்ட அந்த அநீதியை எண்ணும்போது இன்றும் மனம் நோகிறது.

அந்த இசைத்தட்டுக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டே, ஆசிரியர் துணையின்றிக் கார்னெட் வாசிக்கக் கற்றான் பிக்ஸ் பைடர்பெக் என்ற சிறுவன். நம்மவர்கள் கேள்வி ஞானம் என்று சொல்வது இதைத்தானே! அவனும் அவனைப் போன்ற இளைஞர் சிலரும் 'வுல்வரின்ஸ்' என்ற பெயரில் கோஷ்டி அமைத்தபின், இந்தியானா சர்வகலாசாலையில் சட்டம் பயின்றுகொண்டிருந்த ஹோகி கார்மைக்கேல் என்ற மாணவர் 1924-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவர்களைத் தம் கல்லூரி நடனங்களுக்கு அழைத்தார். ஊமைப் படக் கொட்டகையில் பியானோ வாசித்த தாயின் மடியில் சங்கீதம் கற்ற அவர், தாமே சக மாணவர்களைச் சேர்த்துக் 'கார்மைக்கேல்ஸ் காலேஜியன்ஸ்' என்ற கோஷ்டி நடத்தி, இந்தியானா, ஒஹையோ மாநிலங்களின் கல்லூரிகளுக்கு வாசிக்கச் சென்று வந்தவர். பைடர்பெக் வாசிக்கக் கேட்ட பரவசத்தில் அவர் இயற்றிய மெட்டை அதே ஆண்டு மே மாதத்தில் வுல்வரின்ஸ் கோஷ்டியினர் ரிச்மண்ட் என்ற சிற்றூரில், ஜென்னட் கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்தனர். பியானோத் தொழிற்சாலையை ஒட்டி இருந்த அக்கூடத்துக்கு அருகே ரயில் பாதை ஓடியமையால், வண்டி கடந்து போகும்வரை வாத்தியத்தைக் கீழே வைத்துக் காத்திருப்பார்களாம். முந்திய ஆண்டிலே கிங் ஆலிவரும் இளைஞர் லூயி ஆம்ஸ்டிராங்கும் வாசித்துப் பதிவு செய்ததும் அந்தக் கூடத்தில்தான். கார்மைக்கேல் 1926-இல் சட்டப் பட்டம் பெற்றார். வக்கீல் தொழில் நெடுநாள் நிலைக்கவில்லை. பைடர்பெக்கோ 1931-இல், இருபத்தெட்டே வயதில் காலமானார்.

இனி நம் சமவெளிக்கு வருவோம். தை பிறந்தால் முகூர்த்தங்கள் தொடங்கும். வைகாசி விசாகத்தை ஒட்டித் திருச்செங்கோட்டில் அர்த்தநாரீசுவரர் தேர். ஆடியில் கலியாணம் இல்லையானாலும் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகை உண்டு. மார்கழிதான் வெறும் மாதம். அச்சாரம் வாங்கிய தேதியையும் ஊரையும் ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டு, தகரப் பெட்டியும் துணியுறையிட்ட டிரம்மும் பஸ்ஸின் மேற்கூரையில் ஏற, விடியலில் வந்து இறங்கும் செட்டுக்காரர்களைச் சிறுவயதில் நான் எத்தனையோ முறை பின்தொடர்ந்து சென்றிருக்கிறேன். இரவு ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குகளுக்கு நடுவே, நரை கண்ட கிளாரினெட் மாஸ்டர் ஒருவர், சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் படப் பாட்டு ஒன்றை எடுத்து, சரணம் முடியும் இடத்தில் மெட்டை டிரம்பெட்டுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தாம் மட்டும் மேலே ஏறி, காம்போதியின் சாயல் தோன்ற நாலைந்து சங்கதிகள் போட்டு, ஊர்வலத்தின் நடை பிசகாமல் மீண்டும் வந்து சேர்ந்துகொள்வார். அவருக்கு டிக்ஸிலேண்ட் என்ற பெயரே தெரிந்திராது. டீக்கடைக் கிராமபோனில் கேட்டதுதான் அவருடைய பாடம். பைடர்பெக்குக்கும் அதுவே பாடம்.

ரிச்மண்டில் ரயில் போகும்வரை காத்திருந்து அந்த இளைஞர்கள் பதிவு செய்தது நூறாண்டு கழிந்தும் நமக்குக் கேட்கிறது. அதே 1924-இல் நம் தேர்வீதிகளில் எழுந்த நாதமோ தெருவோடு கரைந்து போயிற்று. ஆயினும் பெயராவது மிஞ்சியிருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்து நேயர்கள் தத்தம் வீட்டுப் பழைய கலியாணப் படங்களை எடுத்துப் பார்த்தால், மாப்பிள்ளைக்கு முன்னே நிற்கும் பெரிய டிரம்மின் முகத்தில், செட்டின் பெயரும் ஊரும் வர்ணத்தில் எழுதியிருக்கக் காணலாம்.