ஜப்பானியச் சொற்கள் சொல்லும் வரலாறு



பள்ளியில் வரலாறு கற்பித்த காலமெல்லாம் ஆண்டுகளை மனப்பாடம் செய்யுமாறு மாணவர்களைப் பணித்தவன் நான். மொழி வகுப்பிலோ சொற்களை வரிசையாக ஒப்புவிக்கச் செய்தேன். இவ்விரண்டும் வேறு வேறு பாடங்கள் என்பதே என் எண்ணமாக இருந்தது. அவ்வெண்ணம் பிழையென எனக்கு உணர்த்தியது, ஓய்வு பெற்றபின் நான் கற்கப் புகுந்த ஜப்பானிய மொழியின் தொடக்கப் பாடமேயாகும்.

முதலில் எழுத்து முறையைக் கண்டு வியந்தேன். அ, இ, உ, எ, ஒ என ஐந்து உயிரொலிகள். அவற்றின்பின் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்னும் வரிசைகள். ஹகர வரிசை பண்டைக் காலத்தில் பகரமாக ஒலித்தது என்பர் மொழிநூலார். அங்ஙனமாயின், இது நாம் அரிச்சுவடியில் பயின்ற முறையே அன்றோ! இவ்வொற்றுமை தற்செயலாக நேர்ந்ததன்று. ஜப்பானியத் துறவிகள் பௌத்த நூல்களின் பொருட்டு வடமொழி எழுத்துகளைப் பயின்றமையால் அமைந்த ஒழுங்கு இது. போதிசேனர் என்னும் இந்தியத் துறவி 736-ஆம் ஆண்டில் ஜப்பானை அடைந்தார். நாரா நகரில் தோதாய்ஜி கோயிலின் பெரும் புத்தர் சிலைக்கு 752-இல் கண்திறப்புச் செய்தவரும் அவரே.

அடுத்து எண்ணுப்பெயர்கள். ஒன்று, இரண்டு என்பவற்றை ‘ஹிதோத்சு, ஃபுதாத்சு’ என்றும் கூறுவர். ‘இச்சி, நி’ என்றும் கூறுவர். மலைக்கு ‘யமா’ என்பது பெயர்; ஆயினும் ஃபுஜி மலையை ‘ஃபுஜிசான்’ என்பர். தொடக்க மாணவன் இங்கே திகைப்பான். முன்னவை அம்மண்ணுக்கே உரியவை. பின்னவை சீனத்திலிருந்து எழுத்தோடும் நூல்களோடும் வந்தவை. ஒரே எழுத்தை இரு வகையாகப் படிக்கும் வழக்கம் இவ்வாறு ஏற்பட்டது. காரணம் தெரிந்தபின் திகைப்பு அகன்றது. சொல்லும் மனத்தில் நிலைத்தது.

ரொட்டிக்கு அங்கே ‘பான்’ என்று பெயர். சட்டைப் பொத்தான் ‘போதன்’ எனப்படும். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் ‘பாண்’ என்பதை நீங்கள் கேட்டிருக்கலாம். இவையெல்லாம் போர்ச்சுகீசியர் தந்த சொற்கள். அவர்கள் 1498-இல் நம் மலையாளக் கரையையும், 1543-இல் ஜப்பானின் தனெகஷிமா தீவையும் அடைந்தனர். 1639-இல் ஜப்பானிய அரசு அவர்களை முற்றிலும் விலக்கியது. மனிதர் சென்றனர், சொற்கள் தங்கிவிட்டன.

அதன்பின் ஐரோப்பியருள் டச்சுக்காரர் மட்டுமே, நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா என்னும் சிறு தீவில் இருந்து வாணிகம் செய்ய இசைவு பெற்றனர். அவர்கள் வழி வந்த உடற்கூற்று நூலொன்று மருத்துவர் சுகிதா கென்பாகுவின் கையை எட்டியது. 1771-இல், இறந்த உடலொன்று அறுக்கப்படுவதை அவரும் மாயெனோ ரியோதாகு என்பவரும் நேரிற் கண்டனர். தாம் கற்ற பழைய மருத்துவ நூல்கள் பொய்த்தன; டச்சு நூலின் படங்களோ உடலோடு முற்றும் பொருந்தின. உடலின் உண்மை வடிவை அறியாமலே இதுகாறும் மருத்துவம் செய்தோமே என நாணிய அவர்கள், அந்நூலை மொழிபெயர்க்கத் துணிந்து, நண்பர்களுடன் மறுநாளே கூடினர்.

ஐம்பதை நெருங்கிய ரியோதாகு சிறிதளவே டச்சு அறிந்தவர். கென்பாகு அதுவும் அறியாதவர். தக்க அகராதியும் இல்லை. புருவத்தைப் பற்றிய எளிய வாக்கியமொன்றை விளங்கிக்கொள்ள நெடிய வசந்தகாலப் பகல் ஒன்றும் போதவில்லை என்று கென்பாகு முதுமையில் நினைவுகூர்ந்தார். எனினும் அவர்கள் தளரவில்லை. 1774-இல் ‘கைதாய் ஷின்ஷோ’ என்னும் பெயருடன் அம்மொழிபெயர்ப்பு வெளிவந்தது. நரம்பைக் குறிக்கத் தம் மொழியில் சொல் இல்லாமையால், ஆவி, வழி எனப் பொருள்படும் எழுத்துகளை இணைத்து ‘ஷின்கெய்’ என்னும் புதுச் சொல்லை அவர்கள் ஆக்கினர். இன்றும் ஜப்பானியர் வழங்குவது அச்சொல்லே.

இத்துணைச் சொற்கள் வந்து சேர்ந்தும் கையைத் ‘தே’ என்றும், கண்ணை ‘மே’ என்றும், நீரை ‘மிசு’ என்றும் கூறுவதை அம்மக்கள் விட்டாரல்லர். தன்னுடையதைப் போற்றிக்கொண்டே பிறருடையதையும் ஏற்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மாணவர்களே, எம்மொழியைக் கற்பினும் சொற்களை வெறும் பாரமாகச் சுமக்க வேண்டா. “நீ எந்நாட்டிலிருந்து வந்தாய்? எப்போது வந்தாய்? யார் உன்னைக் கொணர்ந்தார்?” என்று ஒவ்வொரு சொல்லையும் வினவுங்கள். இவ்வழியில் நான் கற்பித்திருந்தால், ஆண்டுகளைக் கண்டு என் மாணவர் அஞ்சியிருக்கமாட்டார். காலந்தாழ்ந்து நான் கற்ற இப்பாடம் உங்களுக்கேனும் காலத்தே பயன்படுவதாக.