மூணு மகன்கள், ஒரு வாக்குறுதி: டக்ளஸ் குடும்பமும் அமெரிக்க உள்நாட்டுப் போரும்

'குளோரி' படம் பார்த்திருக்கீங்களா? 1989-ல வந்தது. டென்சல் வாஷிங்டனுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த படம். 54-ஆவது மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட்டோட கதை. அதில் கொஞ்ச நேரம் ஃபிரெட்ரிக் டக்ளஸும் வருவார், வெள்ளைத் தாடியோட ஒரு பெரியவரா. (உண்மையில் அப்போ அவருக்கு 45 வயசுதான். அவ்வளவு கிழவர் இல்ல.) ஆனா அந்த ரெஜிமென்ட்ல அவரோட ரெண்டு மகன்கள் சேர்ந்திருந்தாங்க என்பதை அந்தப் படம் பார்த்தா தெரிஞ்சுக்க முடியாது. இன்னிக்கு அந்த மகன்களைப் பத்திப் பேசலாம்.

டக்ளஸை ரெண்டு வரியில் அறிமுகப்படுத்திடறேன். மேரிலாந்தில் அடிமையாப் பிறந்தவர். 1838-ல மாலுமி வேஷம் போட்டு ரயிலேறித் தப்பிச்சார். அதுக்கு உதவினது அன்னா மர்ரே, பின்னாடி அவரோட மனைவி. நியூயார்க் மாநிலத்துல ராச்செஸ்டர் ஊரில் குடியேறி, பத்திரிகை ஆரம்பிச்சு, அடிமை முறைக்கு எதிரா நாடு முழுக்கப் பேசினார். மூணு பையன்களும் அந்தப் பத்திரிகை அச்சகத்துலதான் வளர்ந்தாங்க. எழுத்துக் கோர்க்கிறது, தாள் மடிக்கிறது, தபால்ல சேர்க்கிறது எல்லாம் பசங்க வேலை. இந்த அச்சு வேலையை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வரும்.

1861-ல போர் ஆரம்பிச்சப்போ, கறுப்பின ஆண்கள் துப்பாக்கி எடுக்க அரசு அனுமதிக்கல. டக்ளஸ் ரெண்டு வருஷமா இதையேதான் கேட்டுக்கிட்டிருந்தார். 1863 ஜனவரி 1-ல லிங்கனோட விடுதலைப் பிரகடனம் வந்தது; கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க வழியும் திறந்தது. மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ ஒரு ரெஜிமென்ட் திரட்டத் தொடங்கினார். ஆள் சேர்க்கும் வேலைக்கு டக்ளஸை அழைச்சாங்க. மார்ச் மாசம் அவர் ஒரு அறைகூவல் எழுதினார். அதில் ஒரு உறுதிமொழி இருந்தது: வெள்ளைச் சிப்பாய்க்கு என்ன சம்பளமோ அதே சம்பளம், அதே சாப்பாடு, அதே பாதுகாப்பு. இப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்குன்னு அவர் எழுதினார். நம்பித்தான் எழுதினார்.

ஊர்ப் பிள்ளைகளைப் போருக்குக் கூப்பிடுறவர் சொந்தப் பிள்ளையை வீட்டில் வெச்சுக்கிட்டா எப்படி? நியூயார்க் மாநிலத்தில் முதலில் பெயர் கொடுத்த கறுப்பின ஆள் அவரோட கடைசி மகன் சார்லஸ். வயசு 18. அடுத்து மூத்தவர் லூயிஸ், 22 வயசு. ரெண்டாவது மகன் ஃபிரெட்ரிக் ஜூனியர் துப்பாக்கி தூக்கல. ஆனா மிசிசிப்பி பக்கம் போய், ஆள் சேர்க்கும் வேலை பார்த்தார். ஆக மூணு பேருமே.

அம்மா அன்னா என்ன நினைச்சாங்க? அவங்களுக்கு எழுதப் படிக்க அதிகம் தெரியாது. அப்பாவோட பேச்சுகள் பல தொகுதி இருக்கு, மகன்களோட கடிதங்கள் இருக்கு. மூணு பிள்ளைகளையும் அனுப்பி வெச்ச தாயோட கையெழுத்தில் ஒரு கடிதம்கூட நம்ம கைக்கு வரல. இந்தக் குடும்பத்தைப் பத்திப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடத்துல கொஞ்சம் நின்னு போகத் தோணும்.

லூயிஸுக்கு சார்ஜென்ட் மேஜர் பதவி கிடைச்சது. அந்த ரெஜிமென்ட்ல ஒரு கறுப்பினத்தவர் அப்போ எட்டக்கூடிய உச்சம் அதுதான். அதுக்கு மேல அதிகாரிகள் எல்லாரும் வெள்ளையர்கள். கர்னல் ராபர்ட் கோல்ட் ஷா தலைமை. மே 28-ஆம் தேதி பாஸ்டன் தெருக்கள்ல அணிவகுத்துப் போய்க் கப்பல் ஏறினாங்க. வழியனுப்ப டக்ளஸ் வந்திருந்தார். சார்லஸுக்கு உடம்பு சரியில்ல, முகாமிலேயே தங்கிட்டார்.

ஜூலை 18. தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தைக் காக்கும் வாக்னர் கோட்டை. மணலும் மரமும் வெச்சுக் கட்டினது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் சதுப்பு, நடுவில் ஒடுக்கமான கடற்கரை. சரியா தூங்காம, சரியா சாப்பிடாம வந்து சேர்ந்த 54-ஆவது ரெஜிமென்ட்டைத்தான் முதல் வரிசையில் நிறுத்தினாங்க. இருட்டுற நேரத்துல சுமார் 600 பேர் ஓடினாங்க. செத்தவங்க, காயம்பட்டவங்க, பிடிபட்டவங்க, காணாமப் போனவங்க மொத்தம் 272. கோட்டை மதில் மேலேயே ஷா இறந்தார். அவரைத் தன் சிப்பாய்களோட ஒரே குழியில் எதிரிகள் புதைச்சாங்க.

லூயிஸும் அந்த மதில் வரைக்கும் போனார். இடுப்பில் இருந்த வாளுறையைக் குண்டு பிய்ச்சுக்கிட்டுப் போச்சு, ஆள் தப்பிச்சார். ரெண்டு நாள் கழிச்சு, தான் கல்யாணம் பண்ணிக்கப்போற அமீலியா லோகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். சுத்தி நின்னவங்க எல்லாம் விழுந்தாங்க, ஒரு குண்டு வெடிச்சா இருபது அடிக்கு இடம் காலியாகும், நான் எப்படிப் பிழைச்சேன்னு எனக்கே புரியலன்னு எழுதறார். இன்னொரு சண்டை வரலாம், அதில் செத்தா நல்ல காரியத்துக்காகச் செத்தேன்னு நினைச்சுக்கோன்னும் சொல்றார். காதல் கடிதம்தான் அது, கொஞ்சம் அவசரமா எழுதினது.

இதே நேரத்துல அப்பா கொடுத்த வாக்கு உடைய ஆரம்பிச்சது. வெள்ளைச் சிப்பாய்க்கு மாசம் 13 டாலர், உடுப்புச் செலவு தனி. கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் 3 டாலர் உடுப்புக்குன்னு பிடிச்சுக்கிட்டாங்க. கையில் 7 டாலர். இது சம்பளம் மட்டுமில்ல. பிடிபட்டா என்ன ஆகும்னும் ஒரு கேள்வி இருந்தது. தெற்குத் தரப்பு இவங்களைப் போர்க்கைதியா ஏத்துக்க மறுத்தது; அடிமையா விற்கலாம், தூக்கிலும் போடலாம். வாஷிங்டன் பல மாசம் வாயே திறக்கல. ஜூலை 30-ல, வாக்னர் சண்டைக்கு அப்புறம்தான், பதிலடி கொடுப்போம்னு லிங்கன் உத்தரவு போட்டார்.

டக்ளஸ் ஆகஸ்ட் தொடக்கத்தில் இனி ஆள் சேர்க்க மாட்டேன்னு எழுதிட்டு, 10-ஆம் தேதி நேரா வெள்ளை மாளிகைக்கே போனார். லிங்கனை அவர் முதல்முறையா சந்திச்சது அன்னிக்குத்தான். சம சம்பளம், கைதிகளுக்குப் பாதுகாப்பு, வீரத்துக்குப் பதவி உயர்வு, இந்த மூணையும் கேட்டார். லிங்கன் பொறுமையா கேட்டார். கறுப்பினத்தவர் படையில் சேர்றதே பல வெள்ளையருக்குப் பிடிக்காதபோது, குறைஞ்ச சம்பளம் தற்காலிகமா செய்துக்கிட்ட ஒரு சமரசம்னு பதில் சொன்னார். டக்ளஸுக்கு முழுத் திருப்தி இல்ல. மனுஷனா மதிச்சுப் பேசினார் என்பதில் சந்தோஷம்.

அதே நாள் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டன், டக்ளஸுக்கே ராணுவ அதிகாரி பதவி தர்றதா சொன்னார். அதை நம்பி, தன் மாதப் பத்திரிகையை மூடினார். மிசிசிப்பிக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது, பதவி மட்டும் வரல. அவர் போகல. 'பிள்ளைகளை அனுப்பிட்டு அவர் ஏன் போகல'ன்னு கேக்கறவங்களுக்கு என் பதில் இதுதான்: மகன்களை ஒருமுறை ஏமாத்தின அரசு, அப்பாவையும் ஏமாத்தப் பார்த்தது.

54-ஆவது ரெஜிமென்ட் செய்தது இன்னும் கெட்டிக்காரத்தனமான விஷயம். அந்த 7 டாலரை வாங்கவே மாட்டோம்னுட்டாங்க. மிச்சத்தை நாங்க தர்றோம்னு மாசசூசெட்ஸ் மாநிலம் முன்வந்தது. அதையும் மறுத்தாங்க. வீட்டில் பெண்டாட்டி பிள்ளை பட்டினி. ஒன்றரை வருஷம் சம்பளமே இல்லாம சண்டை போட்டாங்க. 1864 ஜூன்ல காங்கிரஸ் இறங்கி வந்தது. அதுலயும் ஒரு கொக்கி: 1861 ஏப்ரல் 19-க்கு முன்னாடியே சுதந்திரமா இருந்தவங்களுக்கு மட்டும்தான், சேர்ந்த நாள் முதல் முழு பாக்கி. அடிமையா இருந்து தப்பிச்சு வந்து சேர்ந்தவங்க என்ன செய்வாங்க? ரெஜிமென்ட்டோட கர்னல் ஹாலோவெல் ஒரு சத்தியப் பிரமாண வாசகம் தயார் பண்ணினார்: அந்தத் தேதியில் என் உழைப்பைக் கேட்க எவனுக்கும் உரிமை இருக்கல. கடவுள் சாட்சியா அதை எல்லாராலயும் சொல்ல முடிஞ்சது. சொன்னாங்க, பாக்கியை வாங்கினாங்க.

அதுக்குள்ள லூயிஸ் உடல்நிலை காரணமா படையிலிருந்து விலகிட்டார். சார்லஸ் 5-ஆவது மாசசூசெட்ஸ் குதிரைப்படைக்கு மாறினார். பேர்தான் குதிரைப்படை, குதிரை இல்ல. மேரிலாந்தில் பாயின்ட் லுக்அவுட் சிறைமுகாமில் தெற்குக் கைதிகளுக்குக் காவல். அப்பா அடிமையா இருந்த அதே மாநிலம். அங்கே மறுபடி நோய்.

1864 ஆகஸ்ட் கடைசியில் டக்ளஸ் லிங்கனுக்கு எழுதினார். எனக்காக எந்தப் பதவியும் கேக்கல, என் மகன் சார்லஸை விடுவிக்கணும், 18 வயசில் சேர்ந்தான், இப்போ உடம்பு முடியலன்னு. நாட்டுக்கு ஆள் திரட்டினவர், மகனுக்காகக் கேட்ட ஒரே சலுகை. லிங்கன் அதில் ஒத்தை வரி எழுதினார்: இந்தப் பையனை விடுவிக்கவும். கீழே கையெழுத்து.

போர் முடிஞ்சது. 1869-ல லூயிஸுக்கு வாஷிங்டனில் அரசு அச்சகத்தில் கம்போசிட்டர் வேலை கிடைச்சது, சின்ன வயசில் அப்பாவோட அச்சகத்தில் கத்துக்கிட்ட அதே தொழில். அங்கிருந்த அச்சுத் தொழிலாளர் சங்கம் அவரை உறுப்பினரா சேர்க்க மறுத்தது. ஒரு காரணமா அவங்க சொன்னது, இவர் முன்னாடி குறைஞ்ச கூலிக்கு வேலை பார்த்திருக்கார் என்பது. சங்கத்தில் சேர்த்தாத்தானே முழுக் கூலி கிடைக்கும்னு டக்ளஸ் கொதிச்சுப் போய்ப் பேசினார். அமீலியாவும் லூயிஸும் அதே வருஷம் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அடுத்த வருஷம் டக்ளஸ் வாஷிங்டனில் 'நியூ நேஷனல் எரா' பத்திரிகையை வாங்கினார். அதை நடத்தும் பொறுப்பு லூயிஸுக்கும் ஃபிரெட்ரிக் ஜூனியருக்கும் வந்து சேர்ந்தது.