எண்டாவ் – ரொம்பின்: காடு காத்த வரலாறு

நாட்டின் அரண்களை வகுத்துக் கூறும் திருக்குறள், நீரோடும் மலையோடும் காட்டையும் ஓர் அரணாக எண்ணுகிறது. நாட்டுக்கு அரணாகும் காட்டுக்கு அரணாவோர் யாவர்? மலேசிய வரலாற்றில் இவ்வினாவுக்கு விடை தேடுவோர், எண்டாவ் – ரொம்பின் தேசியப் பூங்காவின் கதையை அறிதல் நலம்.

ஜொகூரும் பகாங்கும் எல்லை கூடும் இடத்தில், எண்டாவ், ரொம்பின் என்னும் இரண்டு ஆறுகளின் பெயரைத் தாங்கி நிற்பது இக்காடு. குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் வழியில் உள்ள காஹாங் சிற்றூரில் இறங்கிச் செம்பனைத் தோட்டங்களினூடே மண்சாலையில் 50 கிலோமீட்டருக்கு மேல் சென்றால் கம்போங் பெத்தா என்னும் சிற்றூர் எதிர்ப்படும். பூர்வகுடியினருள் ஒரு பிரிவினரான ஜாகூன் மக்களின் ஊர் அது. அதற்கப்பால் படகும் கால்நடையுமே துணை. நீர்ச்சுழல் பாறையைக் குடைந்து குழிகளாக்கிய உப்பே கூலிங் அருவியையும், பல படிகளாக வீழும் புவாயா சங்குட் அருவியையும் காண வருவோர் சிலரே. தாமான் நெகாராவுக்குத் திரளும் கூட்டம் இங்கில்லை.

தாமான் நெகாரா தோன்றிய காலம் வேறு. வேட்டைக்காரராயிருந்து விலங்கினப் பாதுகாவலராக மாறிய தியோடர் ஹப்பேக் என்னும் ஆங்கிலேயரின் பல்லாண்டு முயற்சியால், பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களும் 1938, 1939ஆம் ஆண்டுகளில் தத்தம் சட்டங்களின்வழி நிலம் ஒதுக்கின. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் அப்பூங்கா அமைந்தது. நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டின் அரசமைப்பும் நிலத்தையும் காட்டையும் மாநிலங்களின் அதிகாரத்திலேயே வைத்தது. எனவே, கூட்டரசு விரும்பினாலும், மாநிலம் இசையாமல் ஒரு காட்டைப் பூங்காவாக்க இயலாது. எண்டாவ் – ரொம்பின் சிக்கலுக்கு வேர் இதுவே.

1976 முதல் 1980 வரைக்குமான மூன்றாவது மலேசியத் திட்டத்தில் இக்காடு தேசியப் பூங்காவாக வேண்டுமெனப் பரிந்துரைக்கப்பட்டது. ஆயினும், 1977ஆம் ஆண்டில் பகாங் மாநிலம் இக்காட்டின் நடுப்பகுதியில் மரம் வெட்ட உரிமங்கள் வழங்கியது. மரத்தால் வரும் வருவாய் மாநிலக் கருவூலத்திற்கு உரியது; ஆகவே மாநிலத்தின் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. மக்களோ வாளாவிருக்கவில்லை. மலாயா இயற்கைக் கழகம் குரல் எழுப்பியது, நாளேடுகள் அக்குரலைப் பரப்பின, கூட்டரசும் எதிர்த்தது. இறுதியில் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது.

1980ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தேசியப் பூங்காச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டமும் நிலத்தை ஒதுக்குமாறு மாநிலத்தைக் கேட்கலாமேயன்றிக் கட்டாயப்படுத்தவியலாது. இந்நிலையில் 1985, 1986ஆம் ஆண்டுகளில் அக்கழகம் அறிஞர்களையும் ஆர்வலர்களையும் திரட்டி இக்காட்டுக்குள் ஓர் ஆய்வுப் பயணம் நடத்தியது. காட்டின் அருமை அதன்வழி நாடறியலாயிற்று. எண்டாவின் பெயரையே தாங்கிய ஒரு விசிறிப்பனை வகை 1987ஆம் ஆண்டில் அறிவியல் உலகுக்குப் புதிதாக அறிமுகமாயிற்று. 1989ஆம் ஆண்டில் ஜொகூர் தனக்கெனப் பூங்காக் கழகச் சட்டம் ஒன்றை இயற்றி, 1993ஆம் ஆண்டில் ஏறத்தாழ 489 சதுரக் கிலோமீட்டர் காட்டைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. பகாங் தன் பகுதியை மாநிலப் பூங்காவாகத் தனியே பேணுகிறது. காடு ஒன்றே, காவல் இரண்டு.

இவ்வெற்றி முழுமையானதன்று. அந்நாளில் இக்காட்டைக் காக்க வேண்டுமென்றோர் முதன்மையாகச் சுட்டிய காரணம், இங்கு உலவிய சுமத்திரா காண்டாமிருகம். மரம் வெட்டுவதைத் தடுத்த சட்டத்தால் அதன் கொம்புக்காக அலைந்த வேட்டைக்காரரை முற்றும் தடுக்க முடியவில்லை. எஞ்சியவை ஒன்றுக்கொன்று எட்டாத் தொலைவில் சிதறியமையால் இனப்பெருக்கமும் குன்றியது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், இமான் என்னும் கடைசிக் காண்டாமிருகம் சபாவில் இறந்தது. அத்தோடு அவ்வினம் மலேசியாவில் அற்றுப்போயிற்று. வீடு நிலைத்தது, குடியிருந்தது போயிற்று.

ஜாகூன் மக்களோ இன்றும் கம்போங் பெத்தாவில் வாழ்கின்றனர். பூங்கா என்னும் சொல் பிறக்குமுன்பே ஆற்றின் வளைவுக்கும் பாறைக்கும் பெயரிட்டு வாழ்ந்தோரின் வழித்தோன்றல்கள், இன்று வருவோர்க்கு வழிகாட்டிகளாகவும் விளங்குகின்றனர். காட்டின் காவல் குறித்துப் பேசுமிடத்து அவர்தம் உரிமையை மறத்தல் தகாது.

எண்டாவ் – ரொம்பினைக் காத்தது ஒரு மன்னரின் ஆணையோ ஒரே ஒரு சட்டமோ அன்று. பேசத் துணிந்த மக்களும், ஆய்ந்து சான்று காட்டிய அறிஞரும், முடிவில் இசைந்த மாநிலமும் சேர்ந்தே காத்தனர். அதற்கு 16 ஆண்டுகள் ஆயின. மாணவரை இக்காட்டுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அருவியைக் காட்டுவதோடு நில்லாமல் அந்தப் 16 ஆண்டுகளின் கதையையும் எடுத்துரைப்பார்களாக.