'டவுட்' என்னும் ஆங்கில வினைச்சொல்: எழுத்தும் பொருளும் பிறப்பும்

ஐயுறுதலைக் குறிக்கும் 'டவுட்' என்னும் ஆங்கில வினைச்சொல்லில் ஒலிக்கப்படாத 'பி' என்னும் எழுத்து ஒன்று உள்ளது. ஒலிக்காத எழுத்தைக் கண்டவுடன், அது முன்னொரு காலத்தில் ஒலிக்கப்பட்டுப் பின்னர்ப் பேச்சில் மறைந்தது என முடிவு செய்வது எளிது. போர்வீரனைக் குறிக்கும் 'நைட்' என்னும் சொல்லின் முதலில் நிற்கும் 'கே' எழுத்துக்கு அம்முடிவு பொருந்தும். பழைய ஆங்கிலத்தில் அது ஒலித்தது. 'டவுட்' என்பதற்குப் பொருந்தாது. இச்சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோதே அதில் பகர ஒலி இல்லை. இடையில் கற்றோர் எழுதிச் சேர்த்த எழுத்து அது.

இதன் மூலம் 'துபிதாரே' என்னும் இலத்தீன் வினை. இரண்டு என்று பொருள்படும் 'துவோ' என்பதோடு அது உறவுடையது. இரண்டனுள் எது என்று துணியாமல் நிற்றலே அதன் அடிப்படைக் கருத்து. இலத்தீன் பிரெஞ்சாகத் திரிந்தபோது இடையிலிருந்த பகரம் தேய்ந்து மறைந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அவர்கள்வழிப் பெருகிய பிரெஞ்சுச் சொற்களுள் ஒன்றாக இவ்வினையும் ஆங்கிலத்தில் கலந்தது. அதன் இடைக்கால வடிவம் ஏறத்தாழ 'டூட்டென்' என ஒலித்தது. பின்னர் ஆங்கில நெட்டுயிர்கள் பெருமளவில் திரிந்தபோது ஊகாரம் 'அவு' ஆயிற்று.

இவ்வினை வருவதற்கு முன் ஆங்கிலேயரிடம் இக்கருத்துக்குச் சொல் இல்லாமல் இல்லை. பழைய ஆங்கிலத்தின் 'ட்வேயோகன்' என்னும் வினை அதனையே குறித்தது. அதன் வேரிலும் இரண்டு என்னும் எண்ணே உள்ளது. இன்றைய ஜெர்மன் மொழியில் ஐயத்தைக் குறிக்கும் 'ட்ஸ்வைஃபெல்' என்பதிலும் இரண்டைக் குறிக்கும் 'ட்ஸ்வை' தெளிவாகவே தெரிகிறது. ஆங்கிலம் தன் சொல்லை இழந்து, அதே கருத்தின்மேல் எழுந்த அயற்சொல்லை ஏற்றுக்கொண்டது எனலாம்.

'பி' எழுத்தின் வரவு 15, 16-ஆம் நூற்றாண்டுகளுக்குரியது. இலத்தீன் புலமை பெருமதிப்புப் பெற்றிருந்த அக்காலத்தில், சொல்லின் எழுத்து அதன் இலத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று கற்றோர் கருதினர். பிரான்சிலும் இவ்வழக்கம் இருந்தது. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அந்த எழுத்தைப் பின்னர் நீக்கிவிட்டனர், ஆங்கிலேயர் வைத்துக்கொண்டனர். கடனைக் குறிக்கும் 'டெட்', நுண்மையைக் குறிக்கும் 'சட்டில்' ஆகிய சொற்களிலும் 'பி' இவ்வாறே நுழைந்தது. பற்றுச்சீட்டைக் குறிக்கும் 'ரிசீட்' ஒலிக்காத 'பீ' எழுத்தைப் பெற்றது; அதே இலத்தீன் வேரிலிருந்து பிறந்த 'டிசீட்' பெறவில்லை. திருத்தியவர்களிடம் ஒரே சீரான முறை இருந்ததாகத் தெரியவில்லை.

இம்முயற்சி அக்காலத்திலேயே நகைப்புக்கு இடமானது. 1598-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் ஹோலோஃபர்னிஸ் என்னும் பள்ளி ஆசிரியன் வருகிறான். 'டவுட்', 'டெட்' ஆகியவற்றைப் பகரம் இன்றி ஒலிப்பவர்களை அவன் கடிந்துகொள்கிறான். எழுத்துக்கேற்பப் பேச்சு மாற வேண்டும் என்பது அவன் கட்சி. பேச்சு அவனுக்கு இணங்கவில்லை; எழுத்து மட்டும் நிலைத்தது.

எழுத்தைவிடப் பொருளின் வரலாறு கூடுதல் கவனத்துக்குரியது. பழைய பிரெஞ்சில் இவ்வினை அஞ்சுதல் என்னும் பொருளையும் பெற்றிருந்தது. எது நேரும் என்று தெரியாத மனம் தீயது நேரும் என்று அஞ்சுவது இயல்பாதலின், இந்நகர்வு வியப்புக்குரியதன்று. இன்றும் பிரெஞ்சில் 'ரெதூத்தே' என்றால் பெரிதும் அஞ்சுதல்; அதன் வழிவந்த 'ரிடவுட்டபிள்' என்னும் ஆங்கிலச் சொல் அஞ்சத்தக்க வலிமையுடையவரைக் குறிக்கிறது. இடைக்கால ஆங்கிலத்திலும் அச்சப்பொருள் பெருவழக்காக இருந்தது. தமிழில் 'கவலை' என்னும் சொல்வடிவம் சங்க நூல்களில் கிளைத்துப் பிரியும் வழியைக் குறிப்பதும், மனத்துயரைக் குறிப்பதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கன.

அச்சப்பொருள் மங்கியபின், 'இப்படித்தான் இருக்கும்போலும்' என்று ஐயங்கொள்ளும் பொருள் அதன் எச்சமாக நின்றது. 'ஹேம்லெட்' நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் படிக்கப்படும் காதல் கடிதத்தில் இரு பொருளும் அடுத்தடுத்து வருகின்றன. விண்மீன்கள் நெருப்பு என்பதைப் பற்றி வரும் இடத்தில் இவ்வினை 'நம்பாதே' எனப் பொருள்படும். உண்மை பொய்யுரைக்கும் என்பதைப் பற்றி வரும் இடத்தில் அதற்கு நேர்மாறாக 'அப்படி இருக்கும் என்று சந்தேகப்படு' எனப் பொருள்படும். இரண்டையும் இன்றைய பொருளில் படிப்பவருக்குக் கடிதத்தின் தருக்கம் குலைந்துவிடும். ஸ்காட்லாந்துப் பேச்சு வழக்கில் பழம்பொருள் இன்றும் வாழ்கிறது. அங்கு ஒருவர் மழையைப் பற்றி இவ்வினையைப் பயன்படுத்தினால், மழை வரும்போலிருக்கிறது என்பதே கருத்து. பொது ஆங்கிலத்திலோ மழை வராது என்பதே கருத்து.

தமிழில் எழுதுவோர் இவ்விடத்தில் விழிப்பாக இருத்தல் வேண்டும். 'அவர் பொய் சொல்கிறார் என்று ஐயுறுகிறேன்' என்னும் தமிழ்த் தொடர், அவர் பொய் சொல்லக்கூடும் என்னும் பக்கமே சாய்கிறது. 'சந்தேகப்படுகிறேன்' என்பதும் அவ்வாறே. இதனை 'டவுட்' கொண்டு இன்றைய ஆங்கிலத்தில் பெயர்த்தால், அவர் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை என்னும் எதிர்ப்பொருள் பிறக்கும். அதற்குரிய ஆங்கில வினை 'சஸ்பெக்ட்' என்பதாகும். வாக்குமூலங்களையும் வழக்காவணங்களையும் மொழிபெயர்க்கும்போது இவ்வேறுபாடு குற்றஞ்சாட்டுவதை நற்சான்று அளிப்பதாகவே மாற்றிவிடக்கூடும். அகராதிகள் 'டவுட்' என்பதற்கு நேராக 'ஐயுறு', 'சந்தேகி' என்று மட்டும் தருமிடங்களில், அவ்வினை இன்று எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் ஓர் எடுத்துக்காட்டால் காட்டுதல் தகும்.